சத்தம் நின்றால் விழிப்பவர்கள்

தேனி,
3.9.2008

தம்பி செல்வத்துக்கு,

ஒரு மணி நேரம் ஒருவர் மேடையில் நின்று பேசுகிறார். பகலெல்லாம் நின்றே வேலை செய்த ஒருத்தி அதைக் கேட்டுக் கை தட்டுகிறாள், சிரிக்கிறாள், முகம் தெளிந்து எழுந்து போகிறாள். அந்த நேரத்தில் அவளுடைய களைப்பு எங்கே போயிற்று? நிஜமாகவே தீர்ந்ததா, இல்லை கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு மறுபடி உள்ளே வந்துவிடுமா? சமூகப்பணியில் முதுகலை படித்தும், இத்தனை வருடம் மில்லில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் மேற்கொண்டு எழுதப்போவது உங்களைத் திட்டுவதுபோல இருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீங்கள் பேச, நான் கேட்க வேண்டியிருக்கும். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. "ஒரு வருசமா அவன் நம்ம வாசப்படி மிதிக்கல, நீதான் மொதல்ல எழுதணும்" என்று உங்கள் அண்ணனும் சொல்லிவிட்டார். போன வருடம் நம் வீட்டு விருந்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "என் கொழுந்தனார் கைதட்டலை விற்றுப் பிழைக்கிறார்" என்று சொன்னேன். அந்தக் கருத்து இன்னும் மாறவில்லை. சொன்ன இடம்தான் தப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மில் முதலாளி நாகராஜின் மேஜையில் உங்கள் நோட்டீசைப் பார்த்தேன். "வெற்றிச் சிற்பி ஏ. ஆர். செல்வம்." கோட்டுப் போட்டுக்கொண்டு, கையால் காற்றைக் குத்தியபடி நிற்கிறீர்கள். அந்தக் கோட்டைச் சித்திரை மாதத்திலாவது கழற்றுவது உண்டா?

நூல் நூற்கும் கூடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு ஷிப்ட் முழுக்கப் பெண்கள் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுகிறார்கள். ஆள் பற்றாக்குறையால் பாதிப்பேர் அடுத்த ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சட்டப்படி அரை மணி நேர இடைவேளை உண்டு. நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. நடைமுறையில், மெஷின் நிற்காது. பக்கத்து மெஷின்காரி இரண்டு பேர் வேலையைப் பார்க்க, ஒருத்தி ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். போன மாதம் விஜி என்ற பெண் நின்றபடியே தூங்கி மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். அடுத்த மெஷினில் இருந்த சங்கிலியம்மாள் பின்னலைப் பிடித்து இழுத்ததால் முகம் தப்பியது. விழித்ததும் விஜி கேட்ட முதல் கேள்வி: "இழை அந்துபோச்சாக்கா?"

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். தினமும் அரை மணி நேரம் கூடத்தில் எல்லா மெஷின்களும் நிற்க வேண்டும், அப்போதுதான் எல்லோரும் உட்காருவார்கள் என்று. முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஜெசிந்தாம்மா, ஓய்வு கேக்கிறது ஒடம்பு இல்ல, மனசு. மனசைத் தட்டி எழுப்பவும் ஆளு இருக்காக. கோயம்புத்தூர்ல ஒருத்தர் பேசினாருன்னா பொணம்கூட எந்திரிச்சு வேலைக்குப் போயிருமாம். அவரு வந்து பேசட்டும். அப்பவும் ஆளுக சோந்து கெடந்தா உங்க அரை மணி நேரத்தைப் பத்திப் பேசுவோம்."

அந்த ஒருத்தர் நீங்கள்தான். நீங்கள் என் கொழுந்தன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவர் கூப்பிட்டால், வர முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஜெசிந்தா


கோயம்புத்தூர்,
8.9.2008

இயேசுவுக்குப் புகழ்.

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்குக் கொழுந்தன் செல்வம் எழுதுவது. கோட்டோடுதான் எழுதுகிறேன். கழற்றவில்லை.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது கோபம் வந்தது. என் வீட்டுக்காரியிடம், "பாரு, மன்னிப்புக் கேக்கிறாகளா திட்டுறாகளான்னு பாரு" என்று நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "ரெண்டும்தான். அக்கா ஒரே தபால்ல முடிச்சுட்டாக, சிக்கனம்" என்றாள். மறுபடி படித்தேன். அப்போதுதான் ஒன்று மண்டையில் ஏறியது. துள்ளிக் குதித்துவிட்டேன் மதினி!

என் பேச்சால் ஒன்றும் ஆகாது என்பது உங்கள் கட்சி. அப்படியானால் நான் வந்து தாராளமாகப் பேசலாமே? பேசி ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்கள் அரை மணி நேரம் தானாகக் கிடைத்துவிடுமே? பிறகு எதற்கு வரவேண்டாம் என்கிறீர்கள்? பலித்துவிடுமோ என்று பயம்! எங்கெங்கோ பொன்னாடை வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு சான்றிதழை இதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஒரு விஷயம், இதுவரை உங்களிடம் சொல்லாதது. மருந்துக் கம்பெனிக்காக நான் பை தூக்கிக்கொண்டு அலைந்த காலம். கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். என் முறை வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு திராட்சைத் தோட்டக்காரர், "என்னப்பா, பை ரொம்பக் கனக்குதா?" என்று கேட்டார். எழுந்துவிட்டேன் மதினி. ஏன் என்று உங்கள் பல்கலைக்கழகம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறேன். கொஞ்சம் மசாலா தூவுகிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே முதலாளி கூப்பிட்டுவிட்டார், நானும் சரி என்றுவிட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் வெற்றிச் சிற்பி உளியைக் கீழே போட்டதாக ஆகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். நான் பேசும்போது மெஷின் ஓடக்கூடாது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேச என் தொண்டை என்ன ஆலைச் சங்கா? யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் எழுதிக் கொடுத்து நிற்காத மெஷின் எனக்காகவாவது ஒரு மணி நேரம் நிற்கட்டும்!

அன்புள்ள
கைதட்டல் வியாபாரி


தேனி,
17.9.2008

தம்பி செல்வத்துக்கு,

24ஆம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

மெஷினை நிறுத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. ஸ்பின்னிங் மாஸ்டர் பால்பாண்டி கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஓடுற மெஷினை நிப்பாட்டித் திரும்ப ஓட்டினா அம்புட்டு இழையும் அந்துபோகும் சார். ஒட்டி எடுக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்" என்றார் முதலாளியிடம். அவர் சொல்வதும் உண்மைதான். நான் மின்வெட்டைக் காட்டினேன். இப்போதெல்லாம் தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது, மெஷின் எப்படியும் நிற்கத்தான் செய்கிறது, உடனே ஜெனரேட்டர் போடுகிறோம்; அன்று ஒருநாள் ஜெனரேட்டர் போடாமல் இருந்தால் பேச்சும் ஆகும், டீசலும் மிச்சம் என்றேன். டீசல் என்றதும் முதலாளியின் முகம் மாறியது. தலையாட்டிவிட்டார்.

நான் ஏன் உங்களுக்காக வாதாடினேன் என்று எனக்கே சரியாகப் புரியவில்லை. மெஷின் நின்று அந்தப் பெண்கள் தரையில் உட்காருவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

இரண்டு கோரிக்கைகள். கை தட்டச் சொல்லாதீர்கள். இழை அறுத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். "என்னால் முடியும்" என்று கத்தவும் சொல்லாதீர்கள். அவர்களால் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுதானே பிரச்சினையே.

பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வராமல் போகக் கூடாது என்று உங்கள் அண்ணன் சொல்லச் சொன்னார். அயிரை மீனுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

ஜெசிந்தா


கோயம்புத்தூர்,
26.9.2008

அன்புள்ள மதினிக்கு,

சாப்பிடாமல், சொல்லாமல், ஓடி வந்துவிட்டேன். அண்ணன் மூன்று தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. மேடையில் அவமானப்பட்டவன் எந்த முகத்தோடு அயிரை மீன் சாப்பிடுவான்?

நீங்கள் பின்னால் கதவோரம் நின்றீர்கள். முன்னால் நின்ற எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கரண்ட் போனது. அவ்வளவு பெரிய சத்தம் சட்டென்று நின்றபோது என் காது அடைத்துப்போனது. பெண்கள் மெஷின்களுக்கு நடுவே நின்றார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. "எல்லாரும் கையை உயர்த்துங்கள்! வெற்றியைப் பிடியுங்கள்!" என்றுதான் நான் எப்போதும் தொடங்குவேன். நீங்கள் அங்கிருந்து பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன். "உக்காருங்க ஆத்தா, எல்லாரும் உக்காருங்க" என்றேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உட்கார்ந்தார்கள். சங்கிலியம்மாள் யார் என்று அப்போதே தெரிந்தது. காலை நீட்டிக்கொண்டே, "சார் சீக்கிரம் சொல்லுங்க, மனசை எங்க வச்சிருக்கோம்னு நாங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பை கனத்த கதையைச் சொன்னேன். பிறகு என்னுடைய வழக்கமான உத்தி: "கண்ணை மூடி, உங்களுக்குப் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்." மூடினார்கள். அதோடு சரி. யாரும் திறக்கவில்லை!

முதலில் நான் கவனிக்கவில்லை. எங்கேயோ ஒரு குறட்டை கேட்டது. பார்த்தால், விஜி சங்கிலியம்மாளின் தோளில், சங்கிலியம்மாள் மெஷினின் காலில், கூடமே சாய்ந்து கிடக்கிறது. சரி, எழுப்பிவிடலாம் என்று நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். மதினி, அப்போது நடந்ததைப் பார்த்தீர்களா? நான் பேச்சை நிறுத்திய மறு நொடி சங்கிலியம்மாள் திடுக்கென்று நிமிர்ந்தார். கண் திறக்கவில்லை, கை மட்டும் நீண்டு இழையைத் தேடியது. வரிசையாகத் தலைகள் எழுந்தன. பதறிப்போய் மறுபடி பேசினேன். தலைகள் சாய்ந்தன. நிறுத்தினேன், எழுந்தன. பேசினேன், சாய்ந்தன.

அவர்கள் சத்தத்தில் விழிக்கிறவர்கள் இல்லை. சத்தம் நின்றால் விழிப்பவர்கள். மெஷின் நின்றால் இழை அறுந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரியும். என் குரல் அவர்களுக்கு ஓடுகிற மெஷின்.

மேலே கண்ணாடி ஜன்னலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களை எழுப்பி நாலு சிரிப்புக் கதை சொல்லி என் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். விஜியின் வாய் குழந்தை மாதிரித் திறந்திருந்தது. என்னால் முடியவில்லை மதினி. ஒரு மணி நேரமும் நிறுத்தாமல் பேசினேன். எங்கே குரல் உயர வேண்டுமோ அங்கே தாழ்த்தினேன். "சிகரத்தைத் தொடு" என்பதைத் தாலாட்டு மாதிரிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வெற்றிச் சிற்பி பேசினால் ஊரே தூங்குகிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என் தொழில் என்ன ஆகும்? அதைவிட, வேலை நேரத்தில் தூங்கினார்கள் என்று முதலாளி உங்கள் மனுவைக் கிழித்துப் போட்டால்? அந்தப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

செல்வம்


தேனி,
29.9.2008

தம்பி செல்வத்துக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பதிலையும் ஏறக்குறைய நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீங்கள் ஓடிப்போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷின் ஓடத் தொடங்கியதும் பால்பாண்டி மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், அறுந்த இழைகளை எதிர்பார்த்து. அறுந்தன. ஆனால் அறுந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டே போனார்கள். விஜி பாடிக்கொண்டே நடந்தாள். சத்தத்தில் கேட்காது, வாய் அசைவது தெரிந்தது. ஷிப்ட் முடிய மாஸ்டர் என்னிடம் ஓடி வந்தார். "ஆபீசரம்மா, என்னம்மா இது? ஒரு மணி நேரம் நின்ன மெஷினு மாதிரியா இருக்கு? நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை! அந்தச் சார் என்ன மந்திரம் போட்டாக?"

சங்கிலியம்மாளிடம் கேட்டேன்.

"நல்லாப் பேசினாக ஆபீசரம்மா. அப்பிடியே உள்ள போயி எறங்கிருச்சு."

"என்ன பேசினார்?"

"அதெல்லாம் தெரியாது. ஆனா நல்லாப் பேசினாக. எங்காத்தா போனதுக்கு அப்புறம் யாரும் எங்கிட்ட இம்புட்டு நேரம் கோவப்படாமப் பேசினதில்ல."

முதலாளி என்ன சொன்னார் என்பதுதான் விசேஷம். மேல் ஜன்னலிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, குனிந்த தலைகள்தான் தெரியும். "என்னமா தலை குனிஞ்சு கேட்டாக! கோயில்லகூட இப்பிடி ஒரு அமைதியைப் பாத்ததில்லம்மா" என்று என் அறைக்கே வந்துவிட்டார். உங்கள் பேச்சை சி.டி.யில் போட்டுத் தரச் சொல்கிறார். தினமும் மின்வெட்டு வந்ததும் ஜெனரேட்டரை அரை மணி நேரம் தள்ளிப்போட்டு, உங்கள் உரையைக் கூடத்தில் போடவேண்டுமாம்.

"அப்படியானால் அரை மணி நேர ஓய்வு" என்றேன்.

"ஓய்வு இல்லம்மா, உரை" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அது இப்போது என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களைப்பு எங்கே போயிற்று என்று கேட்டிருந்தேன். தூக்கத்தில் போயிற்று, அதில் உங்களுக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனால் நான் அவர்களிடம் எத்தனையோ நாள் "கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்திகூட உட்கார்ந்ததில்லை. நீங்கள் சொன்னதும் உட்கார்ந்து, கண்ணையும் மூடினார்கள். என் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். இரண்டு நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

உங்களுக்காக எடுத்துவைத்த அயிரை மீனை உங்கள் அண்ணனே சாப்பிட்டுவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜெசிந்தா


கோயம்புத்தூர்,
10.10.2008

அன்புள்ள மதினிக்கு,

சி.டி. இத்துடன் வருகிறது. உரை சரியாக அரை மணி நேரம். ஒலிப்பதிவு செய்த பையன் பாதியிலேயே தூங்கிவிட்டான்! என் வாழ்க்கையில் ஒருவன் தூங்கியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான். எழுப்பி, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "அருமைண்ணே" என்றான்.

இதை எப்படித் தயாரித்தேன் தெரியுமா? இடையில் நிறுத்தமே கிடையாது. மூச்சு விடும் இடத்திலெல்லாம் லேசாக ஒரு தம்புரா. மேடையில் நான் ஏறி இறங்கிக் கத்தியதெல்லாம் வீண் மதினி. சமமாக, மெதுவாக, ஒருத்தருக்குச் சொல்வதுபோலச் சொன்னால் போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே பேசினேன். நாலு பேர் தூங்கினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். கை தட்டியது ஒருத்தர்தான், அவரும் கம்பெனி மேனேஜர்.

ஒன்றே ஒன்று. உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நேராகப் போய் முதலாளியிடம் "அவர்கள் உரையைக் கேட்கவில்லை, தூங்கினார்கள்" என்று சொல்லிவிடுவீர்கள். சொல்லாதீர்கள் மதினி, உங்கள் காலில் விழுகிறேன்! ஓய்வு என்ற பெயரில் கிடைக்காதது உரை என்ற பெயரில் கிடைக்கிறது. பெயரில் என்ன இருக்கிறது? நானும்தான் வெற்றிச் சிற்பி என்ற பெயரில் சோறு தின்கிறேன்.

செல்வம்


தேனி,
15.10.2008

தம்பி செல்வத்துக்கு,

சொல்லிவிட்டேன்.

கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுக்குச் சட்டப்படி உள்ளது. அதை ஏமாற்றி வாங்கிக் கொடுத்தால், ஏமாற்று தெரிகிற நாளில் அதுவும் போகும், "வேலை நேரத்தில் தூங்கினாள்" என்று எழுதி விஜியையும் சங்கிலியம்மாளையும் வெளியே அனுப்ப வழியும் ஆகும். என்றைக்கோ தெரிவதை இன்றைக்கே என் வாயால் சொல்லிவிட்டேன். நீங்கள் என் கொழுந்தன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

முதலாளி நம்பவில்லை. "தூங்கினவுக சாயங்காலம் அப்பிடி வேலை பாப்பாகளாம்மா?"

"தூங்கினதால்தான் சார் பார்த்தார்கள்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்குத்தான சி.டி. போடுறீக? நானே வந்து கூடத்துல நிக்கிறேன். முழிச்சுக் கேட்டாகன்னா தெனமும் போடுங்க. தூங்கினது நெசம்னா உரையும் கெடையாது, ஓய்வும் கெடையாது. கரண்ட் போன மறு நிமிசம் ஜெனரேட்டர் ஓடும்."

பெண்களிடமும் மறைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு ஓடியவர்களை நிறுத்திச் சொன்னேன்.

"அப்ப முழிச்சிருந்தா அரை மணி நேரம் உக்காரலாம், தூங்கினா கெடையாதா?" என்றாள் சங்கிலியம்மாள். "நல்ல நாயம்தான். சோறு போடுறேன், ஆனா திங்காதங்கிற மாதிரி."

"நான் ஊக்கு வச்சுத் தொடையில குத்திக்கிறேன்க்கா" என்றாள் விஜி.

"நீ ஊக்கோட சேந்து தூங்கிருவ. பக்கத்துல இருந்து நான் கிள்ளுறேன்."

"ஒங்களை யாரு கிள்ளுவா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொள்வதாக ஏற்பாடு. நாளை இரண்டு மணியை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. இந்தக் கடிதத்தை இன்று ஒட்டப்போவதில்லை. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

16.10.2008

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சி.டி.யை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, வயர் இழுத்து, கூடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் உங்கள் குரலைக் கேட்க வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது. முதலாளி இன்னும் வரவில்லை. பெண்கள் கண்ணை அகலத் திறந்துகொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் "உக்காருங்க ஆத்தா" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் கிள்ளுகிற கைகள் நின்றன. ஊக்கு விஜியின் விரலிடுக்கில் இருந்தது, விஜி தூங்கிவிட்டாள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

அப்போது பேட்டரி தீர்ந்தது. ஒரு வார்த்தையின் நடுவில் உங்கள் குரல் அறுந்தது. கூடம் நிசப்தமானது. சங்கிலியம்மாளின் கை நீண்டது.

அப்படியே விட்டிருந்தால் எல்லோரும் விழித்திருப்பார்கள். முதலாளி வந்து பார்த்துத் திருப்தியாகப் போயிருப்பார். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. விஜியின் இமை துடிப்பதைப் பார்த்தேன். வாயைத் திறந்துவிட்டேன்.

என்ன பேசுவது? மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. சிகரம், கனவு எல்லாம் என் வாயில் வராது. "தேனி" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கம்பம் ரோட்டில் அடுத்து வருகிற ஊர்தான் வாயில் வந்தது, "பழனிசெட்டிபட்டி" என்றேன். தலைகள் சாய்ந்தன. "முத்துத்தேவன்பட்டி." உங்கள் குரல் மாதிரியே மெதுவாக, சமமாக. "வீரபாண்டி."

சங்கிலியம்மாள் எழுந்தாள். கண் பாதிதான் திறந்திருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கிடந்தவர்களை விலக்கி நேராகக் கதவைப் பார்த்து நடந்தாள். இவர்கள் உட்கார்ந்து தூங்குகிற ஒரே இடம், ஊர் பேரைக் கூவிக் கூவி இறக்கிவிடுகிற ஷிப்ட் பஸ் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கிலியம்மாளின் ஊர் வீரபாண்டி.

கதவில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"எங்க போறீக?" என்றார்.

"வீரபாண்டி வந்துருச்சுல்ல? எறங்குறவுகளுக்கு வழி விட்டு நில்லுங்கண்ணே. ஏறுறதுக்கு என்ன அவசரம்?"

முதலாளி சட்டென்று ஒதுங்கி வழி விட்டார்.

சங்கிலியம்மாள் படி என்று நினைத்துக் காலைத் தாழ்த்தி வைத்தாள். சமதரை இடறியது. கண் முழுசாகத் திறந்தது. எதிரில் இருப்பது யார் என்று பார்த்தாள். "ஆத்தாடி!" தூக்குவாளி கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் விழித்தார்கள். முதலில் சிரித்தது விஜி. பிறகு கூடமே சிரித்தது. வாயைப் பொத்தினார்கள், பொத்திய கைக்குள்ளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "எல்லாரும் தூங்கிட்டா இருந்தீக?"

சிரிப்பு நின்றது. சங்கிலியம்மாள்தான் சொன்னாள்: "ஆமாய்யா. முழிச்சிருக்கணும்னுதான் வந்தோம். கிள்ளிக்கூடப் பாத்தோம். முடியலய்யா."

நீட்டிய கையில் கிள்ளிய தடங்கள் இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து விளக்குகள் எரிந்தன. இன்றைக்கென்று கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. பால்பாண்டி மாஸ்டர் சுவிட்சுப் பலகையை நோக்கி நடந்தார். பெண்கள் யாரும் சொல்லாமலே எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் மெஷினுக்கு நகர்ந்தார்கள்.

"பொறுங்க மாஸ்டர்" என்றார் முதலாளி.

"கரண்ட் வந்துருச்சு சார்."

"வந்தா வந்துட்டுப் போகுது. அரை மணி நேரம் ஆகலைல்ல?"

மாஸ்டர் கையைக் கீழே இறக்கினார். முதலாளி தூக்குவாளியை எடுத்துச் சங்கிலியம்மாளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, பஸ்ஸு வீரபாண்டியிலயே நிக்கிது? எடுக்கச் சொல்லுங்க."

பெண்கள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கரண்ட் இருக்கும்போது எங்கள் மில்லில் மெஷின் நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"சீலையம்பட்டி" என்றேன்.

ஜெசிந்தா